குடிபெயர்ந்த வீட்டின் கிதார்



இசை அறிமுகப் பாடத்தில் இம்முறை வீணையின் மெட்டுகளைப் பற்றி எழுதுவதாகத்தான் எண்ணியிருந்தேன். பொங்கல் விழாப் பந்தியில் சித்தூரிலிருந்து வந்திருந்த ஒரு தாய் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். அதோடு என் எண்ணம் மாறிவிட்டது.

"சார், சங்கப் பத்திரிகையில பாட்டைப் பத்தி எழுதுறது நீங்கதானே? எங்க பையன் இன்டர் ரெண்டாவது வருஷம், எம்.பி.சி. எலெக்ட்ரிக் கிதார் வேணும்னு ஒரே பிடிவாதம். வான் ஹேலன், வான் ஹேலன்னு ராத்திரி பகலா அதே சத்தம். 'ஊரை விட்டு வந்து இங்க கஷ்டப்படுறது இதுக்குத்தானா?'ன்னு அவங்க அப்பா கத்துறார். ரெண்டு பேரும் பேசி பத்து நாளாச்சு. அது நல்ல சங்கீதமா, வெறும் கூச்சலா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் கேட்பார்."

ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "எழுதுகிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை முடித்தேன். ஆகவே இந்தப் பாடம் அந்தப் பையனுக்கும் அவன் அப்பாவுக்கும். மற்றவர்களும் கூட இருந்து கேட்கலாம்.

முதலில் பெயர். வான் ஹேலன் என்பது நம்மைச் சுற்றியுள்ள தெலுங்கு நண்பர்கள் 'இண்டி பேரு' என்கிறார்களே, அது. குடும்பப் பெயர். பள்ளி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தகப்பன் பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதிவிட்டு வருகிறவர்கள் நாம். அந்த வீட்டார் தங்கள் இண்டிப் பேரையே இசைக்குழுவுக்கு வைத்தார்கள். அது இரண்டு கடல் கடந்து வந்த பெயர் என்பதுதான் கதை.

தந்தை யான் வான் ஹேலன் டச்சுக்காரர். கிளாரினெட்டும் சாக்சஃபோனும் வாசிப்பவர். தாய் யூஜினியா இன்றைய இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பிறந்தவர். ஐரோப்பிய, ஆசிய இரத்தம் கலந்த குடும்பம். அங்கே மணந்துகொண்டு ஹாலந்துக்கு வந்தார்கள். 1953-இல் அலெக்ஸ், 1955-இல் எட்வர்ட் என இரண்டு பிள்ளைகள் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தனர். இளையவனுக்கு இசைமேதை பீத்தோவனின் முதற்பெயரை டச்சு வடிவில் நடுப்பெயராக வைத்தார் தந்தை. கலப்புக் குடும்பத்தை ஹாலந்து ஏற இறங்கப் பார்த்தது. 1962-இல் கப்பலேறி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பசடேனா நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். கையில் சுமார் 50 டாலரும் ஒரு பியானோவும் இருந்தன என்பது அந்த வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட செய்தி.

50 டாலரோடு வருகிறவர் பியானோவைச் சுமந்து வருவானேன்? வாசகர்களே, நம் வீடுகளிலும் லாரியில் ஏற்றிய சாமான்களுக்கு நடுவே ஆட்டுக்கல்லும் ஆர்மோனியப் பெட்டியும் வந்ததில்லையா?

புதிய ஊரில் தந்தை துப்புரவுப் பணி செய்தார். வார இறுதியில் கல்யாண வீடுகளிலும் விடுதிகளிலும் வாத்தியம் வாசித்தார். தாய் வீட்டு வேலைக்குப் போனார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகள் தன் வீட்டுப்பாடத்தைக் கிழித்துப் போட்டதையும், தனக்கு முதலில் நண்பர்களானவர்கள் கறுப்பினப் பிள்ளைகள்தான் என்பதையும் எட்வர்ட், அதாவது எட்டி, பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மொழி தெரியாத வகுப்பில் போய் உட்கார்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாய் கண்டிப்பானவர். பிள்ளைகள் முறையாகப் பியானோ கற்றே தீர வேண்டும் என்று லிதுவேனிய நாட்டு முதியவர் ஒருவரிடம் அனுப்பினார். எட்டிக்கு இசைக்குறிப்பைப் படிக்கும் பழக்கம் கடைசிவரை சரியாக வரவில்லை. ஆசிரியரின் விரல்களைப் பார்த்து, காதால் கேட்டு, அப்படியே திருப்பி வாசித்துப் போட்டிகளில் பரிசு வாங்கினான். ஏட்டைப் பார்க்காமல் குருவின் வாயைப் பார்த்துப் பாடம் செய்த நம் பழைய வித்துவான்கள் இதைக் குறை என்று சொல்லமாட்டார்கள்.

பிறகு நடந்தது வேடிக்கை. எட்டி செய்தித்தாள் போட்டுச் சம்பாதித்த காசில் டிரம்ஸ் வாங்கினான். அவன் தாள் போடப் போன நேரத்தில் அண்ணன் அதில் உட்கார்ந்து பழகி, தம்பியை மிஞ்சிவிட்டான். கோபத்தில் தம்பி அண்ணனுடைய கிதாரைத் தூக்கிக்கொண்டான். அந்த இட மாற்றம் பின்னர் மாறவேயில்லை. தந்தையோடு பிள்ளைகளும் வாசிக்கப் போவதுண்டு. ஒரு நாள் தொப்பி சுற்றிவந்ததில் 22 டாலர் சேர்ந்ததாம். தந்தை ஆளுக்கு 5 டாலர் கொடுத்துவிட்டு, கணக்குக் கேட்ட பிள்ளைகளிடம் இதுதான் இசைத் தொழில், வாருங்கள் என்றாராம். எட்டியே சொன்ன கதை. எனக்கு மிகவும் பிடித்தது.

கூச்சலுக்குள் என்ன இருக்கிறது?

இனி பாடத்துக்கு வருவோம். 'ஹார்டு ராக்' என்பதை வன்மையான ராக் இசை எனலாம். டிரம்ஸ், பேஸ் கிதார், ஒரு பாடகர். இவர்களுக்கு நடுவே மின்கிதார்தான் வண்டியை இழுக்கும் மாடு.

மின்கிதாருக்கு வயிறு கிடையாது. வீணைக்கு உள்ள குடம் அதற்கு இல்லை, கட்டை கெட்டியானது. இரும்புத் தந்திக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதை ஆம்பிளிஃபயர் பெரிதாக்குகிறது. எம்.பி.சி. பிள்ளைகளுக்கு இது இயற்பியல் புத்தகத்தில் உள்ள மின்காந்தத் தூண்டல்தான்.

ஆம்பிளிஃபயரை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் ஒலி கரகரக்கும். கோயில் திருவிழாவில் மைக் செட்டுக்காரர் அளவுக்கு மீறித் திருகினால் கேட்போமே, அதுதான். மைக் செட்டில் அது பிழை. ராக் இசையில் அதுவே குரல். இந்தக் கரகரப்பில் எல்லாச் சுரங்களையும் சேர்த்து மீட்ட முடியாது. காந்தாரத்தைச் சேர்த்தால் கலங்கிப்போகும். ஆகவே இவர்கள் பெரும்பாலும் இரண்டே சுரங்களைச் சேர்த்து மீட்டுவார்கள். எவை? சட்ஜமம், பஞ்சமம்!

ஆம், நம் தம்புராவின் அதே இரண்டு. ஆங்கிலத்தில் 'பவர் கார்டு' என்கிறார்கள். சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் அதிர்வு விகிதம் 2-க்கு 3. கரகரக்கும் ஆம்பிளிஃபயரில் இந்த இரண்டும் மோதும்போது அவற்றின் வித்தியாசமான 1, அதாவது மீட்டிய சட்ஜமத்துக்கு ஒரு ஸ்தாயி கீழேயுள்ள சட்ஜமமும் தானாக எழும். மீட்டாத சுரம் ஒன்று அடியில் உறுமுகிறது. நெஞ்சில் இடிப்பதுபோல இருக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் ச-ப மேல் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்ப வாசிப்பது 'ரிஃப்'. பல்லவியின் முதல் அடியைப் போல அது காதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தனி வாசிப்பில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை உயர்த்துவார்கள். வீணையில் நாம் செய்வதேதான். ஆனால் வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் அங்கே இழுக்க இடம் அதிகம். கிதாரில் குறைவு. ஜான் மெக்லாக்லின் 1970-களில் 'சக்தி' குழுவில் வாசித்தபோது கிதாரின் மெட்டுகளுக்கு இடையே கட்டையைக் குழிவாகச் செதுக்கி வைத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

எட்டி கொண்டுவந்தது வேறொன்று. இடக்கை விரல்கள் தந்தியை அழுத்திக்கொண்டிருக்க, வலக்கை விரலும் மீட்டுவதை விட்டுவிட்டு அதே தந்தியின் மேல்மெட்டில் தட்டித் தட்டி எடுக்கும். இதை அவருக்கு முன்பும் சிலர் செய்திருக்கிறார்கள். அவரே கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. ஆனால் அதை ஒரு மொழியாக்கியவர் அவர்தான். இரண்டு கையும் ஒரே பலகையில் ஓடுவது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அம்மா கட்டாயப்படுத்திய பியானோதான் கிதாரில் வந்து முளைத்தது என்பது என் கருத்து.

கருவியும் கடையில் வாங்கியதல்ல. 50 டாலருக்கு ஒரு குறையுள்ள கட்டை, 80 டாலருக்கு ஒரு கழுத்து, இன்னொரு கிதாரிலிருந்து பிடுங்கிய காந்தச் சுருள். கீச்சொலி வராமலிருக்கச் சுருளை உருக்கிய மெழுகில் தோய்த்தார். பட்டைத்தாள் ஒட்டிக் கோடு கோடாகச் சாயம் அடித்தார். ஒட்டுப் போட்ட உடம்பாதலால் அதற்கு 'ஃபிராங்கென்ஸ்டைன்' என்று பெயர் வந்தது.

இன்னொன்று கேளுங்கள். கோடையில் வோல்டேஜ் இறங்கினால் நாம் ஸ்டெபிலைசரைத் தேடி ஓடுகிறோம். அவரோ வேண்டுமென்றே வோல்டேஜை இறக்கினார்! அங்கே வீட்டு மின்சாரம் சுமார் 120 வோல்ட். அதை ஒரு மாற்றியால் 90-க்குப் பக்கமாக இறக்கி ஆம்பிளிஃபயருக்குக் கொடுத்தார். முழுக்கத் திருகினால்தான் வரும் அந்தக் கரகரப்பு, காது செவிடாகாத அளவில் கிடைத்தது. கிதாரைக் கிடைமட்டமாகத் தாங்கி நிறுத்தும் ஒரு பலகைக்கு 1987-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். பொறியியல் படிக்காத இயந்திரப் பொறியாளர்! பையனின் அப்பா இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஏற்றமும் இறக்கமும்

அண்ணன் தம்பி குழுவுக்குச் சொந்தமாக ஒலிபெருக்கி இல்லை. டேவிட் லீ ராத் என்பவரிடம் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். வாடகை மிச்சமாகுமே என்று அவரையே பாடகராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பேஸ் கிதாருக்கு மைக்கேல் ஆண்டனி வந்தார். முதலில் 'மாமத்' என்றிருந்த பெயர் 1974-இல் 'வான் ஹேலன்' ஆயிற்று. பல வருடம் பசடேனா வீடுகளின் கொல்லைப்புற விருந்துகளில் வாசித்தார்கள். போலீஸ் வந்து நிறுத்தும்வரை வாசிப்பார்களாம். 1977-இல் வார்னர் நிறுவனத்தார் ஒரு விடுதியில் கேட்டு ஒப்பந்தம் செய்தனர். 1978 பிப்ரவரியில் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் 'எரப்ஷன்' என்ற கிதார் துண்டு 1 நிமிடம் 42 விநாடிதான். உலகெங்கும் கிதார் பழகும் பிள்ளைகள் இன்றும் அதில் விரலை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் அந்த முதல் தட்டு 1 கோடிக்கு மேல் விற்றது.

அடுத்த நான்கு வருடமும் வருடம் ஒரு தட்டு. 1982-இல் வந்த ஐந்தாவது தட்டில் தந்தையையே கூப்பிட்டு ஒரு பாட்டுக்குக் கிளாரினெட் வாசிக்க வைத்தார்கள். துப்புரவுப் பணி செய்த யான் வான் ஹேலன், பிள்ளைகளின் இசைத்தட்டில்! அதே வருடம் மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டுக்கு எட்டி ஒரு காசும் வாங்காமல் தனி வாசிப்பு வாசித்துக் கொடுத்தார். அந்தப் பாட்டு உள்ள 'த்ரில்லர்' தொகுப்புதான் பிறகு 1984 ஜனவரியில் வந்த இவர்களுடைய '1984' என்ற தட்டை முதலிடத்துக்கு வரவிடாமல் இரண்டாம் இடத்திலேயே நிறுத்தியது. இனாமாகச் செய்த வேலை எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்?

மிட்டாய்க் கதை ஒன்று உண்டு. கச்சேரி ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னால் ஒரு கிண்ணம் எம் அண்ட் எம் மிட்டாய் வைக்க வேண்டும், அதில் பழுப்பு நிறத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. நம் ஜெம்ஸ் மிட்டாய் போன்றது அது. திமிர் பிடித்தவர்கள் என்று ஊர் சிரித்தது. ராத் பிற்பாடு விளக்கினார்: லாரி லாரியாக விளக்கும் இரும்பும் கொண்டுபோகிறோம், மேடை எவ்வளவு எடை தாங்க வேண்டும், மின்சாரம் எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தடித்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் கிடந்தால் அவர்கள் அதைப் படிக்கவில்லை என்று பொருள். உடனே மேடை முழுவதையும் சோதிப்போம். நம் சங்க ஆண்டு விழாவுக்குப் பந்தல் ஒப்பந்தம் எழுதும்போது இப்படி ஒரு வரி சேர்க்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

புகழின் உச்சியில், 1985-இல், ராத் விலகினார். பாடகர் போனால் குழு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தனர். சாமி ஹேகர் வந்தார். 1986 முதல் 1995 வரை அவரோடு செய்த 4 தட்டுகளும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. கிதாரை முன்வைத்து நடக்கும் குழுவின் இலக்கணம் இதில் தெரியும்: குரல் மாறலாம், கை மாறாது.

ஆனால் அந்தக் கைக்கும் சோதனை வந்தது. 1986-இல் தந்தை காலமானார். மேடை நடுக்கம் போக்கச் சிறு வயதிலேயே தந்தை கொடுத்துப் பழக்கிய குடி எட்டியைப் பல வருடம் பிடித்து ஆட்டியது. இதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நானும் மறைக்க விரும்பவில்லை. அன்பான அந்தத் தகப்பன் கொடுத்தவற்றில் இசையும் இருந்தது, இதுவும் இருந்தது. 1996-இல் ஹேகர் விலகல், 1998-இல் வேறொரு பாடகரோடு வந்த தட்டு எடுபடவில்லை, இடுப்பு அறுவை, நாக்கில் புற்றுநோய். 2008-இல்தான் குடியை அடியோடு விட்டார்.

2006-இல் பேஸ் கிதாருக்குத் தன் மகன் உல்ஃப்காங்கைச் சேர்த்துக்கொண்டார். பையனுக்கு அப்போது 15 வயது. ஆரம்பம் முதல் கூட இருந்த மைக்கேல் ஆண்டனி அதனால் வெளியே போனார். பிள்ளைப் பாசத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் முப்பது வருடம் கூட வந்தவருக்கு அது நியாயமா என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. ராத்தும் திரும்பி வந்து 2012-இல் 12-ஆவது தட்டு வெளியாயிற்று. 2015 அக்டோபர் 4 அன்று ஹாலிவுட் பௌலில் கடைசிக் கச்சேரி. 2020 அக்டோபர் 6 அன்று எட்டி தமது 65-ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்தார். குழுவும் அன்றோடு முடிந்தது. மகன் உல்ஃப்காங் தன் சொந்தக் குழுவுக்கு 'மாமத்' என்ற அந்தப் பழைய பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்.

நம் பக்கத்தில்

இதெல்லாம் கலிபோர்னியாவில் நடக்கும், நமக்கு ஆகுமா என்று கேட்கக் கூடும். மும்பையில் 1984-இல் தொடங்கிய 'ராக் மெஷின்' குழு 1993-இல் 'இண்டஸ் கிரீட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1997-இல் கலைந்து, 2010-இல் மீண்டும் கூடியது. கொச்சியில் 1996-இல் உருவான 'மதர்ஜேன்' குழுவில் பைஜு தர்மஜன் கிதாரில் கர்நாடக இசையின் சாயலைக் கொண்டுவந்தார். 2008-இல் வந்த 'மக்தூப்' தொகுப்பில் அது நன்றாகத் தெரியும். ஆனால் இந்தக் குழுக்களின் வாழ்வு எளிதாக இருந்ததில்லை. ஆங்கில ராக் பாட்டுக்கு இங்கே சோறு போடுகிறவர்கள் குறைவு. அப்பாவின் கவலை பொய்யல்ல.

இன்னும் அருகே வருவோம். ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்த யூ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினைக் கையில் எடுத்தபோது, அதில் கமகம் வருமா என்று கேட்டவர்கள் உண்டு. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தி வைத்து, அவர்கள் வாயை அடைத்தார். 2014-இல் அவர் மறைந்தபோது அழாத சபா இல்லை. சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடக் கூடிய இராணிப்பேட்டையில் பிறந்தவர் 'கிதார்' பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரிக்கும் போனார். 2006-இல் ராக் கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஒரு தொகுப்பு செய்தார். பையன் இதைக் கேட்டானா என்று தெரியவில்லை. கேட்கச் சொல்லுங்கள். அப்பாவும் கூட உட்காரட்டும்.

அந்தத் தாய்க்கு நேரில் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். நுழைவுத் தேர்வு முடியும்வரை எலெக்ட்ரிக் கிதார் வேண்டாம். அதற்கு ஆம்பிளிஃபயர் வேறு வாங்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையும் வேண்டும். சங்க அறையில் ஒரு பழைய மரக்கிதார் சும்மா தொங்குகிறது. ஞாயிறு காலைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பையன் அதை எடுத்துக்கொள்ளலாம். சென்ற வாரம் வந்தான். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். சுரம் மட்டும் தடையில்லாமல் வருகிறது. அவனைக் கொண்டுவந்து விட்ட அப்பா வாசலிலேயே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுப்பயிற்சி: தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ ச-ப வைத்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு வான் ஹேலனின் முதல் தட்டில் ஏதேனும் ஒரு பாட்டைப் போட்டு, கிதார் எந்தெந்த இடத்தில் ச-ப சேர்த்து மீட்டுகிறது என்று பிள்ளைகள் கை தூக்கட்டும். பெரியவர்களும் தூக்கலாம்.

வீணை மெட்டுகள் அடுத்த இதழில்.